மேளம் இல்லாத ஒரு ஜாஸ் ரெக்கார்டைக் கேட்பது எப்படி

இலங்கை மலையகத்தில், தலவாக்கலை பஜாரில் ஃபோன், ரேடியோ, ஆம்ப் திருத்துகிற கடை என்னுடையது. கடையில் அடிக்கடி ஓடுவது 1957ல் வெளிவந்த ஒரு ஜாஸ் ஆல்பம். பெயர் 'த ஜிம்மி ஜுஃப்ரி 3'. ஃபோனைத் திருத்தக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருப்பவர்கள் அது என்ன பாட்டு என்று கேட்பார்கள், பெயரை எழுதி வாங்கிக்கொண்டும் போவார்கள். அடுத்த முறை வரும்போது, "அண்ணே, வீட்டுல போட்டுப் பார்த்தேன், கடையில கேட்ட மாதிரி இல்ல, என்னமோ வெறுமையா இருக்கு" என்பார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். இந்த ரெக்கார்டில் ட்ரம்ஸ் கிடையாது, பியானோவும் கிடையாது. நம் ஆட்கள் பிறந்ததிலிருந்து மேளத்துக்குப் பின்னால் நடந்தே பாட்டுக் கேட்டவர்கள். கோயில் திருவிழாவுக்குத் தவில், மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்பு, சாவு வீட்டிலும் தப்பு. சினிமாப் பாட்டிலும் தாளம் பிசகாமல் முன்னால் போகும், நாம் பின்னால் போவோம். அப்படி வளர்ந்த காதுக்கு முன் மேளத்தை எடுத்துவிட்டு மூன்று பேர் மெதுவாக வாசித்தால், என்னமோ குறைகிறது என்றுதான் தோன்றும். இந்த ஆல்பத்தில் தாளத்தைக் கேட்கிறவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பழகக்கூடிய காரியம். பழகிவிட்டால் இதைப் போல நெருக்கமாகக் கூட உட்கார்ந்து பேசுகிற இசை வேறு இல்லை என்பேன். அதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிம்மி ஜுஃப்ரி 1921ல் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரத்தில் பிறந்தவர். 1947ல் வுடி ஹெர்மனின் பெரிய இசைக்குழுவுக்கு 'ஃபோர் பிரதர்ஸ்' என்ற உருப்படியை எழுதியவர் இவர்தான். மூன்று டெனர் சாக்ஸபோன், ஒரு பாரிட்டோன் சாக்ஸபோன், நாலும் ஒன்றாகக் குழைந்து ஓடும். இந்த ஆல்பத்தில் கிளாரினெட், டெனர், பாரிட்டோன் மூன்றையும் அவரே மாற்றி மாற்றி வாசிக்கிறார். கிட்டார் ஜிம் ஹால். 1930ல் பஃபலோவில் பிறந்து, கிளீவ்லாந்தில் முறையாகச் சங்கீதம் படித்துவிட்டு, 1955ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சிக்கோ ஹாமில்டன் குழுவில் சேர்ந்தவர். பேஸ், அதாவது தாழ்ந்த சுரம் தருகிற பெரிய தந்தி வாத்தியம், ரால்ஃப் பென்யா. அட்லாண்டிக் கம்பெனிக்காக 1956 டிசம்பரில் பதிவு செய்தார்கள்.

ஏன் மேளத்தை எடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1949, 1950ல் மைல்ஸ் டேவிஸ் ஒன்பது பேரை வைத்துச் சத்தத்தைக் குறைத்து, அதிராமல் வாசிக்கிற ஒரு பாணியைக் காட்டினார். கூல் ஜாஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1952ல் ஜெரி மல்லிகன் தன் நால்வர் குழுவிலிருந்து பியானோவை எடுத்தார். ஜுஃப்ரி 1955ல் 'டேன்ஜென்ட்ஸ் இன் ஜாஸ்' ஆல்பத்தில் ட்ரம்ஸ்காரரையும் பேஸ்காரரையும் வைத்துக்கொண்டே, விடாமல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து அவர்களை விடுவித்தார். அடுத்த வருஷம் ட்ரம்ஸையே எடுத்துவிட்டார். ஒவ்வொருவராக ஒன்றைக் கழற்றிக்கொண்டே வந்ததில் கடைசியில் நின்றது இந்த மூவர் குழு.

இது ஏன் அதிகம் பேருக்குத் தெரியவில்லை என்றால், 1959ல் மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'டும் வந்துவிட்டன. ஜாஸ் என்றால் இன்றைக்கும் அந்த இரண்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். புரூபெக் 1958ல் இலங்கைக்கே வந்து வாசித்துவிட்டுப் போனவர். அவர் ஆல்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜுஃப்ரியின் மூவரை அதற்கு ஒரு படி கீழே வைக்கவும் மாட்டேன்.

தேடும் விதம்

பெயரை நாம் உச்சரிப்பதுபோல் தட்டினால் கிடைக்காது. எழுத்து வரிசை இது: ஜி, ஐ, யு, எஃப், எஃப், ஆர், இ. 'ஜிம்மி ஜுஃப்ரி 3' என்ற பெயரிலேயே வேறு வேறு ஆட்களை வைத்து அவர் பல ஆல்பம் செய்திருக்கிறார், அதனால் கவனமாகப் பாருங்கள். நமக்கு வேண்டியது 9 உருப்படி உள்ளது. முதல் உருப்படி 'காட்டா டான்ஸ்', கடைசி 'த ட்ரெயின் அண்ட் த ரிவர்'. முழுவதும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். விளம்பரம் நடுவில் வரும் என்றால் இறக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்த இசையில் இரண்டு சுரத்துக்கு நடுவே உள்ள அமைதியும் வாசிப்பில் சேர்த்தி, அங்கே சோப்பு விளம்பரம் வந்தால் அன்றைக்குக் கேட்டதெல்லாம் போயிற்று.

கருவிதான் பாதி

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வீட்டில் வெறுமையாக இருந்தது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதுல கேட்டீங்க?" பத்தில் எட்டுப் பேர் ஃபோனை மேசையில் வைத்து அதன் ஸ்பீக்கரிலேயே கேட்டிருப்பார்கள். பேஸ் வாத்தியத்தின் நாலு தந்தியும் இடது கை விரல் வைக்காமல் ஒலிக்கும்போது 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஃபோனின் அடியில் இருக்கும் நகம் அளவு ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேல் ஒலிகளை வைத்து மூளை அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும், ஆனால் உடம்பு இருக்காது. ஏற்கெனவே மேளம் இல்லாத ரெக்கார்டில் பேஸையும் எடுத்துவிட்டால், மூன்று பேரில் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். ஜுஃப்ரி பாரிட்டோனை எடுக்கும்போது அதிலும் பாதி காணாமல் போகும்.

ஆகவே ஹேன்ட்ஸ்ஃப்ரீ, காதுக்குள் செருகுகிற வகை. விலை கூடியது தேவையில்லை. பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று போட்டு விற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது பென்யாவின் ஒவ்வொரு சுரத்தையும் ஊதிப் பெருக்கி ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அவர் விரல் தந்தியை விட்டு எடுக்கிற இடம் தெரியாது. அந்த இடம் தெரியாவிட்டால் தாளத்தைப் பிடிக்க முடியாது.

அதைவிட முக்கியம், நுனியில் உள்ள ரப்பர். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் வரும், நம் ஆட்கள் நடு அளவிலேயே விட்டுவிடுவார்கள், மற்ற இரண்டும் பெட்டியோடு குப்பைக்குப் போகும். இப்படிச் சோதித்துப் பாருங்கள். 'காட்டா டான்ஸ்' ஓடவிட்டு, பேஸ் கேட்கும் இடத்தில் இரண்டு விரலால் இரண்டு பக்கத்தையும் மெல்லக் காதுக்குள் அழுத்துங்கள். பேஸ் சட்டென்று தடித்து முன்னால் வந்தால், ரப்பர் உங்கள் காதுக்குச் சின்னது, ஒலி கசிகிறது. அடுத்த அளவைப் போடுங்கள். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் சரியான அளவு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம், எனக்கு இடது காதுக்குப் பெரியது, வலதுக்கு நடு. ஃபோனில் பேஸ் பூஸ்ட், சரவுண்ட் என்று எதுவும் போட்டிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

ஸ்பீக்கரில்தான் கேட்பேன் என்கிறவர்களுக்கு: புளூடூத் ஸ்பீக்கரைச் சுவர் மூலைக்குக் கிட்ட வைத்தால் பேஸ் கொஞ்சம் கூடும். தகர அலமாரி மேலே வைக்காதீர்கள், அலமாரியும் சேர்ந்து பாடும். மடித்த சாக்கு ஒன்றைப் போட்டு அதன் மேல் வையுங்கள். வீட்டில் பழைய டூ-இன்-ஒன் ரேடியோ இருந்தால், ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மரப்பெட்டியில் பெரிய ஸ்பீக்கர் வைத்த பழைய செட்டுகளில் இந்த ஆல்பம் அத்தனை வடிவாக ஒலிக்கும். தோட்டத்து லயன் வீடுகளில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் ஒரே சுவர், கிளாரினெட் சுவரைத் தாண்டாது, பேஸ் தாண்டிவிடும்.

நேரம்

தலவாக்கலை கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை தகரத்தில் கொட்டும். அந்தச் சத்தத்தில் இந்த ரெக்கார்டைக் கேட்கவே கேட்காதீர்கள். சத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்று தோன்றும், ஆகாது. மூன்று பேரும் மெதுவாக வாசித்ததை உரக்க வைத்தால் அவர்கள் உரக்க வாசித்த மாதிரி ஆகாது, காதுதான் வலிக்கும். மழை விட்ட இரவு, சீரியல் எல்லாம் முடிந்து பக்கத்து வீட்டு டிவி அணைந்த பிறகு, நல்ல நேரம். தோட்ட வேலைக்குப் பிரட்டுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கும் முன்னால், விடிகாலையும் நல்ல நேரம். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பூச்சிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது.

பலர் இதைக் கோச்சியில், அதாவது ரயிலில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்க ஆசைப்படுகிறார்கள். கடைசி உருப்படிக்கு ரயிலும் ஆறும் என்று பெயர் இருப்பதால் அந்த ஆசை வருகிறது. தலவாக்கலையிலிருந்து வட்டகொடை பக்கமாக ஏறும்போது கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டால் எப்படி இருக்கும் என்று. படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் எஞ்சின் சத்தமும் தண்டவாளச் சத்தமும் சரியாகப் பேஸின் மேலேதான் வந்து உட்காரும். வீட்டில் நன்றாகக் கேட்டு மனப்பாடம் ஆன பிறகு கோச்சியில் கேளுங்கள், அப்போது இல்லாததையும் மனம் நிரப்பிக்கொள்ளும்.

தாளத்தைக் கையில் எடுப்பது

இப்போது முக்கியமான வேலை. நேராக ஆல்பத்துக்குப் போக வேண்டாம். ஜுஃப்ரி அதற்கு முந்தி, 1956ல் வெளியிட்ட 'த ஜிம்மி ஜுஃப்ரி கிளாரினெட்' என்ற ஆல்பத்தின் முதல் உருப்படியைத் தேடி எடுங்கள். 'ஸோ லோ' என்று பெயர். கிளாரினெட் மட்டும்தான், கூட ஒருவரும் இல்லை. ஆனால் அவர் காலால் தரையில் தாளம் தட்டிக்கொண்டே வாசிக்கிறார், அது பதிவிலும் கேட்கிறது. அந்தக் காலோடு உங்கள் காலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மூச்சு எடுக்கும்போதும் கால் நிற்காது. இரண்டு மூன்று தடவை கேட்டு, கிளாரினெட் என்ன செய்தாலும் உங்கள் கால் பிசகாமல் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் நீங்கள் தயார். மூவர் ஆல்பத்தில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள், நீங்கள் போட வேண்டும்.

இனி விரல். இவர்கள் வாசிப்பது பெரும்பாலும் நாலு நாலு எண்ணிக்கை. நமக்கு ஆதி தாளம் தெரியும், எட்டு. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இவர்களுடைய இரண்டு நாலு சேர்ந்தால் நம் ஒரு ஆவர்த்தனம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் தட்டுகிற இடத்தில்தான் நமக்குக் கனம். ஜாஸில் கனம் இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையில் விழும். நம் கையில் வைத்துப் பார்த்தால் அது சுண்டு விரல், நடுவிரல், அப்புறம் இரண்டு வீச்சு. அதாவது சத்தமே வராத இடங்களில் அவர்கள் சாய்ந்து நிற்கிறார்கள். தாளத்தைப் போட்டுக்கொண்டே வீச்சில் தலையை லேசாக ஆட்டிப் பழகுங்கள். முதலில் குழப்பும். ஒரு வாரத்தில் உடம்புக்கு வந்துவிடும்.

அடுத்தது நடை. ஒரு எண்ணிக்கையை இரண்டாகப் பிரிக்கும்போது இவர்கள் சமமாகப் பிரிப்பதில்லை. முதல் பாதி நீளம், இரண்டாவது குட்டை. 'தகிட' என்று சொல்லி, நடுவில் உள்ள 'கி'யை வாய்க்குள் விழுங்கிவிடுங்கள், ஏறக்குறைய அதுதான். வேகம் கூடக் கூட அது சமத்தை நோக்கி நெருங்கும். தப்பில் திஸ்ர நடை அடிகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அக்கா மகன் தோட்டத்துத் திருவிழாவில் தப்பு அடிக்கிற பையன். கடைக்கு வந்தவனுக்கு 'காட்டா டான்ஸ்' போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாமா, இதுல அடி எங்க இருக்கு?" என்றான்.

"யாரும் அடிக்கல மாப்ள. நீ அடி."

ஷோகேஸ் கண்ணாடி மேல் நடுவிரலால் தட்ட ஆரம்பித்தான். முதலில் ஜுஃப்ரியின் குழலுக்குப் பின்னாலேயே ஓடினான். அவர் நிறுத்தினால் இவனும் நின்றான். "அந்தாள விடு, கீழ பேஸ் நடக்குது பாரு, அது கூடப் போ" என்றேன். பேஸைப் பிடித்ததும் விரல் நிதானப்பட்டது. அப்புறம் அவனே சொன்னான்: "குழல்காரர் வேணுமின்னே பிந்தி வர்றாரு மாமா." அதுதான். தாளம் உங்கள் கையில் இருந்தால் மட்டுமே அவர் பிந்தி வருவது தெரியும். ட்ரம்ஸ் இருந்திருந்தால் அந்தப் பிந்துதலை ஒரு தகட்டுச் சத்தம் மூடியிருக்கும்.

மூன்று பேரை ஒவ்வொருவராக

ஒரே உருப்படியை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பேஸ் மட்டும், இரண்டாவது கிட்டார், கடைசியில்தான் குழல். எல்லோரும் குழலிலிருந்து தொடங்குவார்கள், ஏனென்றால் மெட்டு அங்கே இருக்கிறது. நான் தலைகீழாகச் சொல்லக் காரணம், எடுத்துவிட்ட மேளம் போன இடம் பேஸும் கிட்டாரும்தான்.

பென்யாவைக் கேட்கும்போது, எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நடக்கிறாரா, அல்லது நடப்பதை நிறுத்திவிட்டுத் தானும் மெட்டுப் பாடுகிறாரா என்று பாருங்கள். அவர் நடப்பதை நிறுத்திய உடனே கிட்டாரில் என்ன மாறுகிறது என்று கேளுங்கள். பல இடங்களில் ஹால் அந்தக் கணமே தாளத்தை ஏற்றுக்கொள்வார். பாரமான மரத்தைத் தூக்கிப் போகிறவர்கள் நடை நிற்காமல் தோள் மாற்றிக்கொள்கிற மாதிரி அது நடக்கும். மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆல்பத்தின் பெரிய சுகம். சில இடங்களில் மூன்று பேரும் தோளிலிருந்து இறக்கிவிடுவார்கள். அங்கே யாருமே தாளம் போடவில்லை, ஆனாலும் தாளம் ஓடிக்கொண்டிருக்கும், மூன்று பேருக்குள்ளும், உங்கள் விரலிலும். அமைதி முடிந்து அவர்கள் வந்து சேரும்போது உங்கள் விரல் சரியான எண்ணிக்கையில் இருந்தால் மயிர்க்கூச்செறியும்.

ஹாலின் கிட்டார் மின்சாரக் கிட்டார்தான். ஆனால் ஆம்பைக் கூட்டாமல் வாசிக்கிறார், அதனால் தந்தியின் சொந்தச் சத்தமும் மரத்தின் சத்தமும் சேர்ந்தே வருகின்றன. ஒரு தடவை மீட்டிவிட்டு, இடது கை விரலை வைத்தும் எடுத்துமே அடுத்த சுரங்களை வரவழைக்கிறார். அதனால் ஊதுகிற வாத்தியம்போல் சுரங்கள் தொடுத்து வரும். சினிமாப் பாட்டுக் கிட்டாரில் பழகிய காதுக்கு அவர் மிகக் குறைவாக வாசிக்கிறார் என்று படலாம். எத்தனை சுரத்தை வாசிக்காமல் விட்டார் என்று எண்ணிப் பாருங்கள், அந்த மனிதர் மேல் மரியாதை வரும்.

கடைசியாகக் குழல். கிளாரினெட் நமக்கு அந்நியமில்லை, ஏ.கே.சி. நடராஜன் அதில் கர்நாடக சங்கீதமே வாசித்துக் காட்டியவர். அவர் வாசிப்பின் பிரகாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஜுஃப்ரியிடம் வந்தால் திகைப்பாக இருக்கும். ஜுஃப்ரி பெரும்பாலும் கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியிலேயே இருக்கிறார். சுரம் பிறக்கும் முன்னால் காற்று வருகிறது, சுரம் முடிந்த பிறகும் கொஞ்சம் காற்று மிஞ்சுகிறது. ரப்பர் சரியாகப் பொருந்தியிருந்தால் இந்தக் காற்று தனியாகக் கேட்கும்.

எந்த வரிசையில்

ஆல்பத்தின் வரிசையில் தொடங்க வேண்டாம். கடைசி உருப்படியான 'த ட்ரெயின் அண்ட் த ரிவர்' முதலில். மூன்றரை நிமிடம்தான். ஓட்டமான பகுதியும் நிதானமான பகுதியும் மாறி மாறி வரும். பெயரை வைத்துக்கொண்டு எது ரயில், எது ஆறு என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம். ஓட்டமான பகுதியில் கிட்டாரின் தட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த உருப்படிக்குள்ளேயே ஜுஃப்ரி வாத்தியத்தை மாற்றுகிறார். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வாயில் வைக்க அவருக்குச் சில வினாடி வேண்டும். அந்த வினாடிகளில் மற்ற இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதை விடாமல் கேளுங்கள். அவர் இல்லாத இடத்தை அவசரமாக நிரப்புவதில்லை, தங்கள் வேலையைத் தொடர்கிறார்கள், அவர் வேறு குரலில் வந்து சேர்ந்துகொள்கிறார்.

இதைப் பார்க்கவும் முடியும். 1957 டிசம்பரில் அமெரிக்க சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'த சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்ற நிகழ்ச்சி நேரடியாகப் போனது. பில்லி ஹாலிடேயும் லெஸ்டர் யங்கும் சேர்ந்து வந்த அதே நிகழ்ச்சி. அதில் ஜுஃப்ரியும் ஹாலும் இந்த உருப்படியை வாசித்திருக்கிறார்கள், பேஸ் மட்டும் ஜிம் அட்லஸ். யூடியூபில் இருக்கிறது. கைகளைப் பாருங்கள், குறிப்பாக ஹாலின் வலது கை எத்தனை குறைவாக அசைகிறது என்று. 1958 நியூபோர்ட் விழாவைப் படமாக்கிய 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே'யின் தொடக்கத்தில் வருவதும் இதே உருப்படிதான். அங்கே பேஸுக்குப் பதில் பாப் புரூக்மையரின் வால்வ் ட்ராம்போன் என்ற ஊதுகிற வாத்தியம்.

அடுத்து 'காட்டா டான்ஸ்'. இரண்டரை நிமிடம், தாளப் பயிற்சிக்கு இதுதான் சரி.

மூன்றாவது 'கிரேஸி ஷி கால்ஸ் மீ'. இதற்கு முன்னால் பில்லி ஹாலிடே 1949ல் 'கிரேஸி ஹி கால்ஸ் மீ' என்று பாடிய பதிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். 32 பார் பாட்டு, ஒரு பார் என்றால் நாலு எண்ணிக்கை. ஒரு மெட்டு 8 பார், அதே மெட்டு இன்னொரு தடவை, பிறகு வேறு மெட்டு 8 பார், மறுபடி முதல் மெட்டு. ஆதி தாளத்தில் எண்ணினால் ஒவ்வொரு பகுதியும் 4 ஆவர்த்தனம், முழுப் பாட்டு 16. நடுவில் வருகிற வேறு மெட்டை அனுபல்லவி மாதிரி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலிடேயின் பாட்டு மனதில் ஓட ஆரம்பித்த பிறகு மூவரிடம் வாருங்கள். அவர்கள் மெட்டை அப்படியே பாடிக் காட்ட மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். நாம் ஒரு கீர்த்தனையைத் தெரிந்துகொண்டு போய் நாதஸ்வரம் கேட்பதும் இப்படித்தானே. ஜெரோம் கேர்னின் 'த சாங் இஸ் யூ'வையும் இதே முறையில், பாடிய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து கேளுங்கள்.

'டூ கைண்ட்ஸ் ஆஃப் ப்ளூஸ்', 'வூடூ', 'மை ஆல்', 'தட்ஸ் த வே இட் இஸ்' எல்லாம் இதற்குள் தானாகவே பிடிபட்டிருக்கும். 'கிராடாட் ஸ்வீட்'டைக் கடைசிக்கு வையுங்கள். ஆல்பத்தில் நீளமானது இதுதான், ஏழு நிமிடம். ஸ்வீட் என்றால் பல பகுதிகளைக் கோத்த உருப்படி, பகுதி பகுதியாக மாறிக்கொண்டே போகும். தாளத்தை முழுக்க விட்டுவிட்டுப் பேசிக்கொள்கிற மாதிரியும் வரும். அங்கே விரலை மடக்கி வைத்துவிட்டுச் சும்மா கேளுங்கள். நடை திரும்பி வருகிற இடத்தில் பேஸே சொல்லிக்கொடுக்கும். இது முதல் தடவையில் பிடிக்காவிட்டால் ஒரு மாதம் விட்டுவிட்டு எடுங்கள். ஆல்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது, ஆனால் யாருக்கும் முதலில் போட்டுக் காட்ட மாட்டேன்.

ஒன்பதும் பழகிய பிறகு ஒரு தடவை முதலிலிருந்து கடைசி வரை, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரே இருப்பில் கேளுங்கள். சாயத்தண்ணியை முன்னாடியே குடித்துவிட்டு உட்காருங்கள், உறிஞ்சுகிற சத்தம் கிளாரினெட்டின் மூச்சோடு குழம்பும்.

இதற்கு அடுத்து

1958ல் வந்த 'ட்ராவ்லின் லைட்'டும், அதே வருஷ டிசம்பரில் பதிவான 'வெஸ்டர்ன் ஸ்வீட்'டும். இரண்டிலும் ஹால் இருக்கிறார், பென்யா இல்லை, அவர் இடத்தில் புரூக்மையர். அதாவது பேஸையும் எடுத்துவிட்டார்கள். பேஸ் வேண்டும் என்கிறவர்கள் 1959ல் ரெட் மிட்செல்லோடு செய்த '7 பீசஸ்' ஆல்பத்துக்குப் போகலாம். 1961ல் பால் பிளே, ஸ்டீவ் ஸ்வாலோ இருவரோடு செய்த 'ஃப்யூஷன்', 'தீசிஸ்' இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அது வேறு பாதை. மேளம் போய், பாட்டின் வார்ப்பும் தளர்ந்துபோன இசை அது. விரல் நன்றாகப் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

'வெஸ்டர்ன் ஸ்வீட்' எடுத்தால் நாலு பகுதி ஸ்வீட்டுக்கு முன்னால் அதில் உள்ள 'ப்ளூ மங்க்'கைக் கேளுங்கள். தெலோனியஸ் மங்க் எழுதிய 12 பார் ப்ளூஸ், மொத்தம் 48 எண்ணிக்கை, நமக்கு 6 ஆவர்த்தனம். ஆறு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மேளமும் இல்லை, பேஸும் இல்லை. முதல் தட்டிலிருந்து தொடங்கி எண்ணிக்கொண்டே போங்கள். ஆறாவது ஆவர்த்தனத்தின் கடைசி வீச்சும் புரூக்மையர் மெட்டைத் திரும்ப எடுக்கிற இடமும் ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எங்கே நழுவியது என்று கண்டுபிடித்து அந்த இடத்திலிருந்து மறுபடி போடுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் ஹேன்ட்ஸ்ஃப்ரீயையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், ரப்பர் அளவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.